ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்ட்!

பால் என்றதும் நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்கு என்ன ஞாபகம் வரும்? காலையில் வாசலில் தொங்கும் கூடையில் விழுகிற பாக்கெட். பதினோரு மணிக்கு கேன்டீனிலிருந்து வரும் டீ. மாசக் கடைசியில் பால்காரர் நீட்டும் கணக்குச் சீட்டு. அதோடு சரி.

தாய்ப்பால் என்றால்? உடனே நெளிவோம். 'அது லேடீஸ் மேட்டர்ப்பா' என்று பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவோம். எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆனால், இந்த ஒரு விஷயத்துக்கு நம்ம ஆம்பளைகள் மனசுக்குள் போட்டு வைத்திருக்கிற பூட்டுக்கு முன்னால் அதெல்லாம் ஜுஜுபி!

அந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமே...

பிறந்த குழந்தை அம்மாவின் மடியில் படுத்து நேரடியாகப் பால் குடிப்பது நாமெல்லாம் அறிந்தது. ஆனால், சில குழந்தைகளால் அது முடியாது. மாசம் முடியும் முன்பே பிறந்துவிடும் குழந்தை, உதடோ அண்ணமோ பிளந்து பிறந்த குழந்தை, சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தை, ஐ.சி.யூ. கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவைப் பிரிந்து கிடக்கும் குழந்தை... இவர்களுக்கெல்லாம் அம்மா தன் பாலைக் கையாலோ பம்ப்பாலோ எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை இரண்டு வேளை இல்லை, ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு சொட்டும் அப்படித்தான். டாக்டர்கள் இதை 'எக்ஸ்க்ளூசிவ் பம்ப்பிங்' என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இது எட்டு மாசம் நடந்தது. பால் எடுத்தது என் மனைவி. மற்ற வேலைகளைச் செய்தது யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூணு மில்லி பொக்கிஷம்

2023-ல் எங்கள் பாப்பா பிறந்தபோது முப்பத்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது. எடை 1,650 கிராம். இரண்டு சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் குறைச்சல். சிசேரியன். பெண்ணைக் கண்ணில் காட்டிவிட்டு உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது... இந்த மூன்றையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் செய்தால்தான் ஒரு குழந்தை பால் குடிக்க முடியும். அந்தத் தாளம் கூடி வருவதற்குச் சுமார் முப்பத்து நாலு வாரம் ஆகும். எங்கள் பாப்பா கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துவிட்டாள்!

"டப்பாப் பால் ஒண்ணு வாங்கி வெச்சிருங்க ஸார், ஒரு சேஃப்டிக்கு" என்றார் அங்கே ஓர் ஆசாமி. பக்கத்தில் இருந்த மூத்த சிஸ்டர் அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அதெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தா பார்த்துக்கலாம். மொதல்ல உங்க வீட்டம்மாகிட்ட போவோம்" என்றார்.

(ஒரு தகவல்: 1992-லேயே நம் நாட்டில் இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடர் பாலையோ, பால் புட்டியையோ விளம்பரம் செய்யக் கூடாது. ஆஸ்பத்திரி மூலமாகவும் பிரசாரம் பண்ணக் கூடாது. 2003-ல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். டாக்டர் அவசியம் என்று சொல்லும்போது பவுடர் பால் கொடுப்பது பாவமில்லை. அவசியம் இல்லாமல் ஆரம்பிப்பதுதான் சிக்கல்.)

பிரசவமாகி ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. என் மனைவிக்கு மயக்கம் அப்போதுதான் தெளிந்திருந்தது. சிஸ்டர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, கையாலேயே எப்படிப் பால் எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சினார். மூணு மில்லி!

என் முகம் போன போக்கைப் பார்த்து சிஸ்டர் சிரித்தார்.

"என்ன ஸார், கொஞ்சம்னு பாக்குறீங்களா? இது சீம்பால். நோய் எதிர்ப்புச் சக்தி பூரா இதுலதான் இருக்கு. குழந்தையோட வயிறும் இம்புட்டுதான். நெறமாசக் குழந்தைக்கே மொத நாள்ல ஒரு வேளைக்கு அஞ்சாறு மில்லி போதும்."

அந்தச் சிரிஞ்சை ஐ.சி.யூ. வாசலுக்குக் கொண்டுபோனேன். ஜமீன்தார் வீட்டு நகைப் பெட்டியைச் சுமந்த கணக்குப்பிள்ளைகூட அவ்வளவு ஜாக்கிரதையாக நடந்திருக்க மாட்டார். குறைமாசக் குழந்தையின் குடல் ரொம்பப் பூஞ்சை. அதில் வரும் ஒருவித வீக்க நோய் உயிருக்கே உலை வைத்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து குறைவு. குறைமாசத்தில் பெற்றவளின் பாலில் ஆரம்ப வாரங்களில் புரதமும் கூடுதலாக இருக்குமாம். குழந்தை சீக்கிரம் வந்துவிட்டது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

ஒரு சின்னக் கணக்கு

மூணு மில்லி மூணாம் நாள் முப்பது மில்லியானது. ஆறாம் நாள் மனைவியை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். பாப்பா உள்ளேயேதான். வாடகைக்கு ஒரு எலெக்ட்ரிக் பம்ப் கிடைத்தது. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் ஷிஃப்ட்.

இந்த பம்ப் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1854-லேயே அமெரிக்காவில் ஓர்வெல் நீதம் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதை அம்மாக்களுக்கு வலிக்காத மாதிரி சீர்திருத்திய பெருமை ஸ்வீடன் இன்ஜினீயர் ஐனார் எக்னெலுக்கு. அவருடைய பம்ப் 1956-ல் வெளியே தெரிய வந்தது.

பால் சுரப்பது ஒரு விசித்திரமான பேங்க் அக்கவுன்ட். எடுக்க எடுக்கத்தான் பேலன்ஸ் ஏறும். எடுக்காமல் சேர்த்து வைத்தால் 'இங்கே தேவை இல்லை போலிருக்கிறது' என்று உடம்பு முடிவு கட்டிச் சுரப்பைக் குறைத்துவிடும். அதனால், புதிதாகப் பிறந்த குழந்தை எத்தனை தடவை குடிக்குமோ அத்தனை தடவை எடுத்தாக வேண்டும். நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. ராத்திரியிலும் லீவு கிடையாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் ஊறுகிறது. ஆக, ரெண்டு மணி ஷிஃப்ட் கட்டாயம்!

நமக்குத்தான் ஆபீஸில் கணக்குப் போட்டே பழக்கமாயிற்றே. ஒரு பழைய லீவ் ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

பம்ப் பண்ண ஒரு தடவைக்கு 20 நிமிஷம். எட்டுத் தடவைக்கு 2 மணி 40 நிமிஷம். பாப்பா வீட்டுக்கு வந்த பிறகு பாலாடையில் ஊட்ட அரை மணி வீதம் எட்டு வேளைக்கு 4 மணி நேரம். பாகங்களைக் கழற்றி, சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, காயவைத்து, பாட்டிலில் ஊற்றி, தேதி எழுத கால் மணி வீதம் இன்னொரு 2 மணி.

மொத்தம் 8 மணி 40 நிமிஷம்!

அதாவது ஒரு முழு ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் லீவு கிடையாது, போனஸ் கிடையாது. இதில் தாயால் மட்டுமே முடிகிற வேலை எவ்வளவு? அந்த 2 மணி 40 நிமிஷம்தான். மிச்சம் 6 மணி நேர வேலைக்கு இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் உள்ள யார் வேண்டுமானாலும் போதும்.

நேரடியாகப் பால் கொடுக்கும் வீடுகளில் அப்பாக்களுக்கு ஒரு சாக்கு இருக்கிறது. 'நான் என்ன செய்ய முடியும், அவதானே கொடுக்கணும்?' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். பம்ப் வந்த வீட்டில் அந்தச் சாக்கு செல்லாத நோட்டு!

ஐஸ் பெட்டியும் சைலன்ஸரும்

முதல் பதிமூணு நாள் எனக்குக் கூரியர் உத்தியோகம். நாகல் நகரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு மூன்று நடை. வண்டியின் முன்பக்கம் சின்ன ஐஸ் பெட்டி. உள்ளே வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அம்மா பேர், தேதி, நேரம்.

சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர், "பெட்டியில என்ன தம்பி, ஐஸ்க்ரீமா?" என்றார்.

"பால் ஸார்..."

"பாலுக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பந்தா?"

"தாய்ப்பால் ஸார். பாப்பா ஐ.சி.யூ.ல இருக்கா."

அவர் முகம் மாறிவிட்டது. மறுநாளிலிருந்து நான் வந்தால், சிவப்பு விளக்கு எரிந்தாலும் எதிர்ப்பக்கம் வரும் லாரியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னை முதலில் அனுப்பிவிடுவார். அவருக்கும் ஒரு பெண் குழந்தையாம்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் பாறை காய்ந்தால் ராத்திரி எட்டு மணிக்கும் அனல் வீசும். எடுத்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்று சொல்வது 25 டிகிரி அளவுள்ள அறைக்கு. திண்டுக்கல்லில் ஏப்ரல் மாதம் அப்படி ஓர் அறை ஏ.சி. கடையில்தான் கிடைக்கும்! அதனால் எடுத்த கையோடு ஃப்ரிட்ஜுக்கு. ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை, ஃப்ரீஸரில் ஆறு மாசம் வரை வைக்கலாம். ஆனால் ஐ.சி.யூ. குழந்தைக்கு அந்தந்த ஆஸ்பத்திரி சொல்கிற கணக்குதான் கடைசி வார்த்தை.

கரண்ட் போனால்? முதல் தடவை போனபோது மாமியார் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கப் போனார். "திறக்காதீங்க அத்தை!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. மூடியபடியே விட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். திறந்து திறந்து பார்த்தால் போச்சு.

"நான் என்ன மெஷினா?"

தமாஷாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால், பதினோராம் நாள் ராத்திரி தமாஷாக இல்லை.

ரெண்டு மணி ஷிஃப்ட். பம்ப் 'கர்ர்... கர்ர்...' என்று முனகிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் ஆகியும் பாட்டிலில் பத்து மில்லி ஏறவில்லை. முந்தின நாள் ஐம்பது வந்திருந்தது. அன்று சாயங்காலம் பார்க்க வந்த உறவுக்கார அம்மா ஒருவர், கூடத்தில் உட்கார்ந்து, "பால் இல்லாதவளுக்கு எதுக்கு இந்த மெஷினும் மாயமும்?" என்று இவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மனைவி பம்ப்பை அணைத்துவிட்டாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளையத் தொட்டு மூணு நாளாச்சு. ஊர்ல எல்லாரும் பிள்ளைய மடியில போட்டுக்கிறாங்க. நான் மெஷினை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் என்ன மெஷினா?"

பதில் சொல்கிற மாதிரிக் கேள்வி இல்லை அது. பாட்டிலை வாங்கி மூடி, தேதி எழுதி உள்ளே வைத்தேன். பத்து மில்லிக்கும் ஒரு லேபிள். "தூங்கு. அஞ்சு மணிக்கு நானே எழுப்புறேன்" என்றேன்.

காலையில் அந்த மூத்த சிஸ்டரைத் தேடிப் போனேன். அவர் சொன்னதில் பாதி விஞ்ஞானம், பாதி வைத்தியம்.

"பால் சுரக்கிறது வேற ஸார், இறங்கி வர்றது வேற. இறக்கிவிடுறது ஆக்ஸிடோசின்னு இன்னொரு ஹார்மோன். மனசு கலங்கினா, உடம்பு வலிச்சா அது அடங்கிப் போயிடும். பிள்ளைய நெனச்சா, தொட்டா, அது வாசனை பட்டாக்கூட சட்டுனு வரும். நீங்க இதக் கொண்டுபோங்க" என்று பாப்பா தலையில் மாட்டியிருந்த சின்னத் துணிக் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார். "தையல் வலி தாங்கினா நாளையில இருந்து அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பிள்ளைய நெஞ்சுல போட்டுக்கட்டும்."

அந்தக் குல்லாவை இவள் முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அழுதாள். பம்ப் பக்கத்திலேயே பாப்பாவின் போட்டோ ஒன்றையும் ஒட்டி வைத்தேன்.

மறுநாளே பால் ஆறாக ஓடியது என்று எழுதினால் அது சினிமா. ஓடவில்லை. பத்து பதினைந்தாகி, இருபத்தைந்தாகி, ஒரு வாரம் கழித்துத்தான் அறுபதைத் தொட்டது. பாப்பாவை வெறும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரும் நாட்களில் பாட்டில் கூடுதலாக நிறைந்ததை நானே லேபிளில் பார்த்தேன்.

அந்த உறவுக்கார அம்மா மறுபடி வந்தார். "இன்னும் பால் வரலியாக்கும்?" என்று ஆரம்பித்தார். "வருதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தீங்கன்னா கூட உக்காந்து பாக்கலாம். பாத்திரமும் கொஞ்சம் கழுவ வேண்டியிருக்கு" என்றேன். காபி ஆறும் முன் கிளம்பிவிட்டார்!

அப்பத்தா வைத்த தீர்ப்பு

பத்தொன்பதாம் நாள் பாப்பா 1,900 கிராமோடு வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் நேரடியாகக் குடிக்க மறுத்தாள். வாயை வைப்பாள், இரண்டு சப்பு, அப்படியே தூங்கிவிடுவாள். எத்தனையோ தடவை முயன்றாயிற்று. பம்ப் தொடர்ந்தது.

என் அப்பத்தாவுக்கு எண்பத்தைந்து வயசு. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பம்ப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டா, கரண்டுல பால் எடுக்குறீக? கலிகாலம்டா!"

பிறகு உள்ளே போனவர், பரணிலிருந்து ஒரு பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதற்குள் துணியில் சுற்றி ஒரு வெள்ளிப் பாலாடை. என் அப்பாவுக்கு ஊட்டியது!

பாட்டிலும் ரப்பரும் வேண்டாம், பாலாடையில்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். குறைமாசக் குழந்தைகளுக்கு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் பாலாடைதான். கழுவுவது சுலபம், அழுக்கு தங்க மூலை முடுக்கு இல்லை. "இதத்தானடா நாங்க அந்தக் காலத்துலயே செஞ்சோம்" என்று அப்பத்தா ஜெயித்த மாதிரி சிரித்தார். ஆஸ்பத்திரியும் அப்பத்தாவும் ஒரே கட்சியில் சேர்ந்தது எங்கள் வீட்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

ஆனால், சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணியும் தேனும் எடுத்து வந்தபோது கூட்டணி முறிந்தது. ஒரு வயசுக்குள் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையை முடக்கிப் போடும். ஆறு மாசம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது என்பது டாக்டர்கள் கட்சி. தெருவில் கூவிக்கொண்டு போகும் கழுதைப் பாலுக்கும் இதே தடைதான். அப்பத்தாவிடம் மெதுவாகச் சொன்னதும், தேன் புட்டியை என்னிடம் நீட்டி, "அப்ப நீயே நக்கு" என்றார்.

வந்தவர்கள் எல்லாரும் பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் சொன்னார்கள். சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. ஆனால் பால் ஏறியது பம்ப்பின் எண்ணிக்கைக்குத்தான் என்று என் லேபிள்கள் சாட்சி சொல்கின்றன.

மூன்று திசையிலும் பால் வங்கி

ஐ.சி.யூ. வாசலில் என்னோடு காத்திருந்த ஓர் அப்பாவின் மனைவிக்குப் பிரசவத்தில் உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டது. பால் எடுக்கிற நிலையிலேயே அவர் இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் தாய்ப்பால் வங்கிகள்.

ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ஏழு அரசு மருத்துவமனைகளில் பால் வங்கிகளைத் தொடங்கிவைத்தார். எழும்பூர், மதுரை, திருச்சி, தேனி, சேலம், தஞ்சாவூர், கோவை. திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் தெற்கே மதுரை, தென்மேற்கே தேனி, வடகிழக்கே திருச்சி என்று மூன்று பக்கமும் ஒன்று!

தானம் கொடுக்கும் தாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை. எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலை போன்றவை இல்லை என்று உறுதியான பிறகே பால் வாங்குவார்கள். அதை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமிப் பரிசோதனை செய்து, உறைய வைத்து, தேவைப்படும் குழந்தைக்குக் கொடுப்பார்கள். திருச்சியில் ஒரு தாய் 2023-லிருந்து 2025 வரை 300 லிட்டருக்கு மேல் தானம் செய்திருக்கிறார். எட்டு மாசம் மில்லி மில்லியாக எண்ணியவன் என்பதால் எனக்கு அந்த எண்ணிக்கையின் கனம் தெரியும்.

இதில் காசு பார்க்கவும் சிலர் கிளம்பினார்கள். 2024 மே மாதம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பாலை வியாபாரம் செய்ய அனுமதி கிடையாது என்று கண்டிப்பாக அறிவித்தது. இது தானம் மட்டும்தான். சந்தைச் சரக்கல்ல.

ஸ்டோர் ரூம் சிங்காசனம்

26 வாரச் சம்பள விடுப்பு முடிந்து மனைவி ஒரு தனியார் கம்பெனி வேலைக்குத் திரும்பினாள். (2017-ல் திருத்திய சட்டம் கொடுத்த உரிமை அது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாசம்.) அப்போது நாளைக்கு ஐந்து தடவை பம்ப். அதில் இரண்டு ஆபீஸ் நேரத்தில்.

எங்கே உட்கார்ந்து எடுப்பது? பழைய லெட்ஜர்களும் உடைந்த ஃபேன்களும் குடியிருந்த ஸ்டோர் ரூமைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் இல்லை. திண்டுக்கல்காரன் வீட்டுப் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறையா! சனிக்கிழமை நானே போய் ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

குழந்தைக்கு 15 மாசம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை என்பது 1961-ன் மகப்பேறுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் அந்த ஆபீஸ் ஆண்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. 'அடிக்கடி எங்கே போறாங்க?' என்று ஒருவர் கேட்டாராம். நம் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண் ஒரு பையோடு இருபது நிமிஷம் காணாமல் போனால், கடிகாரத்தைப் பார்க்காமல் நம் ஃபைலைப் பார்ப்பதே பெரிய உபகாரம்.

வெளியூர்ப் பயணம் இன்னொரு கூத்து. 2015-ல் அதே ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்கள், பணிமனைகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். அருமையான யோசனை. வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேடினோம். அறை இருந்தது. பூட்டியும் இருந்தது. பூட்டைத் திருப்பி எங்க ஊர்ப் பூட்டா என்று பார்த்தேன். இல்லை. அதில் மட்டும் ஒரு ஆறுதல்! பூ விற்கும் அம்மா ஒருவர் எங்கேயோ ஓடிப்போய்ச் சாவி வாங்கிவந்து, வாசலில் கூடையோடு காவலுக்கும் உட்கார்ந்துகொண்டார்.

எட்டாவது மாசம் என் மனைவி ஒருநாள், "போதும்ங்க" என்றாள். பாப்பா அப்போது கேழ்வரகுக் கூழும் மசித்த வாழைப்பழமும் சாப்பிட ஆரம்பித்து, ஏழு கிலோ எடையில் கொழுக் மொழுக்கென்று இருந்தாள். இரண்டு வயசு வரைக்கும் கொடுக்கலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உண்மைதான், கொடுக்கலாம். ஆனால் சுமந்தவள் சொல்கிற 'போதும்' மேல் அப்பீல் கிடையாது. டாக்டர் சொன்னபடி ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாளைக்கு ஒரு வேளை என்று குறைத்துக்கொண்டே வந்தோம். சட்டென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடும்.

முதலில் நின்றது ரெண்டு மணி ஷிஃப்ட். அன்று ராத்திரி இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் விழித்துக்கொண்டோம். செய்ய ஒரு வேலையும் இல்லை.

அப்பாக்களுக்கு ஏழு உத்தரவு

1. ராத்திரி அலாரம் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். பம்ப்பைப் பொருத்தித் தயாராக வைத்துவிட்டு அவரை எழுப்புங்கள். ஒரு சொம்பு தண்ணீரும் பக்கத்தில் வையுங்கள்.

2. பால் படும் பாகங்களை ஒவ்வொரு தடவையும் வெந்நீர், சோப்பால் கழுவுங்கள். கொதிக்க வைக்கலாம் என்று போட்டிருக்கும் பாகங்களை நாளைக்கு ஒரு தடவை 5 நிமிஷம் கொதிக்க வையுங்கள். துணியால் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள்.

3. ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, நேரம். பழையது முதலில் வெளியே. ஃபைல் அடுக்கிப் பழகிய நமக்கு இது கைவந்த கலை.

4. ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். உள்ளே, பின்பக்கம்.

5. அடுப்பில் நேராகச் சூடு பண்ணக் கூடாது, மைக்ரோவேவ் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீருக்குள் பாட்டிலை நிறுத்துங்கள். மேலே ஆடை மாதிரி பிரிந்து நின்றால் கெட்டுப்போனதல்ல, மெதுவாகச் சுழற்றுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

6. வலி, சிவப்பு, கட்டி, காய்ச்சல் என்றால் பாட்டி வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். வலிக்கு பம்ப் புனலின் அளவு பொருந்தாததும் காரணமாக இருக்கலாம்.

7. "இன்னிக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்காதீர்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாசம் எங்கள் ஆபீஸில் புதுசாக அப்பாவான ஒரு தம்பி, டீக்கடையில் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ கடத்தல் சரக்கு கேட்கிற குரலில், "அண்ணே... உங்க வீட்ல ஒரு மெஷின் இருந்துச்சாமே... பாப்பா ஐ.சி.யூ.ல இருக்குண்ணே..." என்றான்.

வாடகைக்கு எடுத்த பம்ப்பை எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று. பின்னால் சொந்தமாக வாங்கியது ஒருவர் மட்டும் உபயோகிக்கிற ரகம். அதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, கிருமி தொற்றும். அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்க வேண்டும், வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்றும் சொன்னேன். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, 8 மணி 40 நிமிஷக் கணக்கை அவனுக்கு எழுதிக் காட்டினேன். 2 மணி 40-க்கு அடியில் அவன் மனைவி பெயரை எழுதினான்.

மிச்சம் 6 மணியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவை வாங்கி, அதற்கு அடியில் தன் கையெழுத்தைப் போட்டான்.